பழைய ஆட்டக்காரரைக் கழற்றிவிட்டால் உண்மையில் எவ்வளவு மிச்சம்?

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லில் வருடா வருடம் மார்ச் மாதம் வந்துவிட்டால், ஏதாவது ஓர் அணி பல வருடம் உழைத்த நட்சத்திர ஆட்டக்காரரை "கேப்பில் (சம்பள உச்சவரம்பில்) இவ்வளவு மிச்சம்" என்று சொல்லி வெளியே அனுப்புகிறது. இது சரியான முடிவா, இல்லை வெறும் கணக்கு வேலையா?

என் பதில்: பெரும்பாலும் சரியான முடிவுதான். ஆனால் செய்தியில் வரும் மிச்சத் தொகையை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது. அந்தப் பணம் அடுத்து யார் கைக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் அணி எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் காட்டுகிற ஒரு நாள் இருக்கிறது. 2014 மார்ச் 11. அன்று ஒரே நாளில் டாலஸ் கௌபாய்ஸ் டிமார்க்கஸ் வேரையும், சிகாகோ பேர்ஸ் ஜூலியஸ் பெப்பர்ஸையும் விடுவித்தன. இருவரும் எதிரணி க்வார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவரை) துரத்திப் பிடித்து வீழ்த்துவதில், அதாவது சாக் எடுப்பதில், அந்தத் தலைமுறையின் முன்னணி ஆட்கள். இருவரையும் அனுப்பக் காரணம் கேப். அதற்கப்புறம் இரண்டு அணிகளுக்கும் நடந்தது நேர் எதிர்.

முதலில் கேப் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் அணி ஆட்டக்காரர்களுக்காக ஒரு வருடத்தில் கணக்கில் காட்டக்கூடிய மொத்தத் தொகைக்கு லீக் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 1994ல் 3.46 கோடி டாலரில் தொடங்கியது, 2014ல் 13.3 கோடி, 2025ல் 27.92 கோடி. எல்லா அணிக்கும் ஒரே தொகை. உரிமையாளர் எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது.

சிக்கல் போனஸில் ஆரம்பிக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது கொடுக்கிற போனஸ், பணமாக உடனே ஆட்டக்காரர் கைக்குப் போய்விடும். கேப் கணக்கில் மட்டும் அதை அதிகபட்சம் ஐந்து வருடத்துக்குப் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம். நடுவில் ஆளை அனுப்பினால், இன்னும் கணக்கில் ஏறாமல் இருக்கும் பங்குகள் எல்லாம் மொத்தமாக அந்த வருடத் தலையில் வந்து விழும். அணியில் இல்லாத ஆளுக்காகக் கேப்பில் உட்கார்ந்திருக்கும் இந்தத் தொகையைத்தான் டெட் மணி என்கிறார்கள்.

வேரின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2014ல் அவருக்குச் சம்பளம் 1.225 கோடி டாலர். பழைய போனஸின் பங்கையும் சேர்த்தால் கேப்பில் அவர் பெயரில் சுமார் 1.6 கோடி. மொத்தக் கேப்பில் எட்டில் ஒரு பங்கு. அவரை விடுவித்தபோது டெட் மணியாக நின்றது சுமார் 86 லட்சம். 1.6 கோடியில் அதைக் கழித்தால் வருகிற 74 லட்சம்தான் அன்று எல்லாச் செய்தியிலும் வந்த "மிச்சம்".

இங்கேதான் பல ரசிகர்கள் தவறான எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த 86 லட்சம் டாலஸ் எப்போதோ கொடுத்து முடித்த பணம். வேர் இருந்தாலும் போனாலும் அது கணக்கில் ஏறியே தீரும். போனால் மொத்தமும் இந்த வருடமே ஏறும், இருந்தால் இந்த வருடமும் அடுத்தடுத்த வருடங்களிலுமாகப் பிரிந்து ஏறும், அவ்வளவுதான். டாலஸ் அன்று எடுக்க வேண்டியிருந்த முடிவு ஒன்றே ஒன்று: இனிமேல் கொடுக்கப்போகும் 1.225 கோடி டாலருக்கு இந்த ஆள் தகுமா? "இவ்வளவு டெட் மணி வருமே, எப்படி அனுப்புவது" என்று தயங்குவதும், "இவ்வளவு மிச்சமாகுமே, அனுப்பிவிடலாம்" என்று துள்ளுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள்.

சரி, தகுமா? வேர் டாலஸில் ஒன்பது சீசனில் 117 சாக் எடுத்தவர். 2008ல் 20, 2011ல் 19.5. ஆனால் 2013ல் முதன்முறையாகக் காயத்தால் ஆட்டங்களைத் தவறவிட்டார், சாக் ஆறுதான். அப்போது வயது 31. டாலஸோ 2011, 2012, 2013 என்று மூன்று வருடம் தொடர்ந்து 8 வெற்றி, 8 தோல்வி. 2013ல் எதிரணிக்கு விட்டுக்கொடுத்த யார்டுகளில் லீகிலேயே கடைசி. அவர் இருந்தே அந்த நிலைமை.

வெளியே வந்த மறுநாளே டென்வர் பிராங்கோஸ் அவருக்கு மூன்று வருடத்துக்கு 3 கோடி டாலர் கொடுத்தது, அதில் 2 கோடி உத்தரவாதம். அதாவது சந்தை அவரை வருடத்துக்கு ஒரு கோடி என்று மதிப்பிட்டது. டாலஸ் கொடுத்திருக்க வேண்டியதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. அப்படியானால் டாலஸ் ஏமாந்ததா? இல்லை. டென்வர் அப்போதுதான் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் போல் வரை போய் சியாட்டிலிடம் 43-8 என்று நசுங்கி வந்திருந்தது. அவர்களுடைய க்வார்ட்டர்பேக் பெய்டன் மானிங்குக்கு 38 வயது ஆகப்போகிறது. அவர்களுக்கு இருந்தது இரண்டு மூன்று வருடம், அதற்குள் கோப்பை வேண்டும். அந்த இரண்டு மூன்று வருடத்துக்கு வேர் கொடுக்கும் ஆட்டம் அவர்களுக்குத் தங்கம். வருடத்துக்கு வருடம் 8-8 என்று நின்றுகொண்டிருந்த டாலஸுக்கு அதே ஆட்டம் அந்த விலைக்குத் தகாது. மூத்த ஆட்டக்காரரின் மதிப்பு அவருடைய ஆட்டத்தில் மட்டும் இல்லை, வாங்குகிற அணியிடம் எவ்வளவு காலம் மிச்சம் இருக்கிறது என்பதிலும் இருக்கிறது.

டென்வருக்கு அந்தக் கணக்கு பலித்தது. 2014ல் அவர் 10 சாக் எடுத்தார். 2016 பிப்ரவரியில் ஐம்பதாவது சூப்பர் போலில் கரோலைனாவின் க்வார்ட்டர்பேக் கேம் நியூட்டனை இரண்டு முறை வீழ்த்தி, 24-10 என்று கோப்பையைக் கையில் வாங்கினார். டாலஸில் ஒன்பது வருடம் ஆடியும் கிடைக்காத கோப்பை அது. இன்று ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்.

டாலஸுக்கும் பலித்தது. பணம் போகும் திசையை அவர்கள் அந்த வருடம் மாற்றினார்கள். ஜூலையில், எதிரணியைத் தடுத்துத் தன் அணிக்கு வழி திறந்துவிடும் 23 வயதுத் தடுப்பு வீரர் டைரன் ஸ்மித்துக்கு எட்டு வருடம், சுமார் 9.8 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். வேரிடம் மிச்சமான பணம் நேராக அங்கேதான் போனது என்று சொல்ல முடியாது. ஆனால் முப்பதைத் தாண்டியவர்களிடமிருந்து இருபதுகளில் இருப்பவர்களிடம் கேப்பை நகர்த்தினார்கள் என்று தாராளமாகச் சொல்லலாம். அந்தத் தடுப்பு வரிசைக்குப் பின்னால் பந்தோடு ஓடி டிமார்கோ மரே அந்த சீசனில் 1,845 யார்டு எடுத்தார். அணி 12-4 என்று முடித்தது. வேரின் இடத்துக்கு அவர்கள் பெரிய பெயர் எதையும் தேடிப் போகவில்லை. குறைந்த விலைக்கு வந்த ஜெரெமி மின்சி ஆறு சாக்கோடு அணியில் முதலிடம். டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்துப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், இரண்டாம் சுற்றில் டிமார்க்கஸ் லாரன்ஸை எடுத்து வளர்க்க ஆரம்பித்தார்கள்.

இப்போது சிகாகோ. பெப்பர்ஸுக்கு 34 வயது, கேப்பில் 1.8 கோடிக்கு மேல். அவரை அனுப்பியதில் எந்தத் தவறும் இல்லை என்றே நான் நினைக்கிறேன். அப்புறம் செய்ததுதான் தவறு. லமார் ஹூஸ்டனுக்கு ஐந்து வருடம், 3.5 கோடி. அது போதாதென்று இரண்டு வாரம் கழித்து, 32 வயதைத் தொடவிருந்த ஜாரெட் ஆலனுக்கு நான்கு வருடம், 3.2 கோடி. ஒரு கிழவருக்குச் சம்பளம் அதிகம் என்று அனுப்பிவிட்டு, இரண்டே வயது இளைய இன்னொருவரைப் பல வருட ஒப்பந்தத்தில் அழைத்து வந்தார்கள். ஆலன் சிகாகோவில் அந்த சீசனில் எடுத்தது 5.5 சாக். அடுத்த வருடம் செப்டம்பரிலேயே அவரைக் கரோலைனாவுக்குத் தள்ளிவிட்டார்கள். ஹூஸ்டன் அக்டோபரில் நியூ இங்கிலாந்திடம் அணி படுதோல்வி அடைந்துகொண்டிருந்தபோது ஒரு சாக் எடுத்துவிட்டுத் துள்ளிக் கொண்டாடியதில் முழங்கால் தசைநார் கிழிந்து அந்த சீசனே போயிற்று. அந்த ஆட்டத்தில் எதிரணி 51 புள்ளி எடுத்தது. அடுத்த ஆட்டத்தில் கிரீன் பே பேக்கர்ஸ் 55 எடுத்தது. சீசன் முடிவில் 5-11, பயிற்சியாளருக்கும் பொது மேலாளருக்கும் வேலை போனது.

அந்த 55 புள்ளி எடுத்த கிரீன் பே அணியில் யார் ஆடினார் தெரியுமா? பெப்பர்ஸ். சிகாகோ விட்ட அதே வாரத்தில், பக்கத்து மாநிலத்துப் பரம எதிரியிடம் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். அங்கே மூன்று சீசனில் 25 சாக்.

இந்த இரண்டு கதையும் ஒரு புள்ளியில் முட்டிக்கொள்கின்றன. 2015 ஜனவரி 11, கிரீன் பேயில் பிளேஆஃப் (தோற்றால் வெளியேறும் சுற்று) ஆட்டம், எதிரணி டாலஸ். மூன்றாவது கால்பகுதியின் தொடக்கம், டாலஸ் முன்னிலையில் இருக்கிறது. மரே பந்தோடு தடுப்பு வரிசையில் ஒரு பெரிய இடைவெளியைப் பிடித்துவிட்டார், முன்னால் மைதானம் திறந்து கிடக்கிறது. தடுக்கப்பட்ட நிலையில் பக்கவாட்டிலிருந்து பெப்பர்ஸ் நீட்டிய கை பந்தில் பட்டது. பந்து நழுவியது, கிரீன் பே எடுத்துக்கொண்டது. டாலஸ் அந்த ஆட்டத்தில் 26-21 என்று தோற்று வீட்டுக்குப் போனது. ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் டாலஸின் டெஸ் பிரையன்ட் பிடித்த பந்து செல்லாது என்று நடுவர்கள் சொன்னதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், கை விட்டுப் போன தருணம் மரேயின் அந்த ஓட்டம்தான்.

அதே ஆட்டத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கெண்டைக்கால் காயத்தோடு சரியாக நகரவே முடியாமல் ஆடிய கிரீன் பே க்வார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ், டாலஸுக்கு எதிராக 316 யார்டு எறிந்தார், மூன்று டச்டவுன். ஓட முடியாத க்வார்ட்டர்பேக்கைப் பிடிக்கும் ஆள் டாலஸிடம் இல்லை. அந்த ஆள் டென்வரில் இருந்தார். அதனால் வேரை விட்டதற்கு டாலஸ் விலையே கொடுக்கவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. கொடுத்தது. ஆனாலும் மார்ச் மாதத்தில், 8-8 அணியாக, கையில் இருந்த தகவலை வைத்து எடுத்த முடிவு சரி என்றுதான் இன்றும் சொல்வேன். ஜனவரியில் ஒரு ஆட்டத்துக்கு அவர் தேவைப்பட்டார் என்பது, அதற்கு முந்தைய மார்ச்சில் எடுத்த முடிவைத் தவறாக்கிவிடாது.

டெட் மணி பற்றிச் சொன்னதற்கு ஆகப் பெரிய உதாரணம் 2024ல் வந்தது. டென்வர் தன் க்வார்ட்டர்பேக் ரசல் வில்சனை விடுவித்தது. இங்கே மிச்சம் என்று ஒன்றுமே இல்லை. வைத்திருந்தால் அந்த வருடம் கேப்பில் சுமார் 3.5 கோடி, அனுப்பியதால் 5.3 கோடி, அடுத்த வருடம் இன்னொரு 3.2 கோடி. மொத்தம் சுமார் 8.5 கோடி டாலர் டெட் மணி, அதுவரை லீக் காணாத தொகை. அப்படியும் ஏன் அனுப்பினார்கள்? மார்ச் நடுவில் ஒரு தேதி தாண்டினால் 2025க்கான 3.7 கோடி சம்பளமும் உத்தரவாதமாகிவிடும். முன்பு கொடுத்ததை நினைத்து அழாமல், இனி கொடுக்க வேண்டியதை மட்டும் பார்த்து முடிவு எடுத்தார்கள். அவரைப் பிட்ஸ்பர்க் லீகின் குறைந்தபட்சச் சம்பளமான 12.1 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டது, மிச்சத்தை டென்வரே கட்டியது. அதோடு டென்வர் டிராஃப்டில் எடுத்த போ நிக்ஸ் என்ற இளைஞரை ஆடவிட்டு, அதே சீசனில் 10-7 என்று பிளேஆஃபுக்கும் போனது. புது க்வார்ட்டர்பேக்கின் சம்பளம் முதல் நான்கு வருடம் மிகக் குறைவாக இருக்கும் என்பதால்தான் அந்தச் சுமையைத் தாங்க முடிந்தது. தவறு அனுப்பியதில் இல்லை, 2022 செப்டம்பரில் அவர் டென்வருக்காக ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே ஐந்து வருடம் நீட்டித்துக் கொடுத்ததில்தான்.

நடைமுறையில் செய்தி படிக்கும்போது கவனிக்க வேண்டிய சில விஷயங்கள்.

ஜூன் 1 விதி. ஜூன் 1க்குப் பிறகு விடுவித்தால் டெட் மணியை இரண்டு வருடத்துக்குப் பிரிக்கலாம். ஒரு வருடத்தில் இரண்டு பேரை மட்டும் மார்ச்சிலேயே அனுப்பிவிட்டு "ஜூன் 1 கணக்கு" என்று குறித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மிச்சம் ஜூனில்தான் கைக்கு வரும். டாலஸ் அதே 2014 மார்ச்சில் மைல்ஸ் ஆஸ்டினை இப்படித்தான் அனுப்பியது. 55 லட்சம் மிச்சம், ஆனால் ஜூன் வரை தொட முடியாது. நல்ல ஆட்கள் சந்தையில் இருப்பது மார்ச்சில். ஜூனில் கிடைக்கும் பணம் புது டிராஃப்ட் ஆட்களுக்குச் சம்பளம் போடவும், சீசன் நடுவில் வரும் காயங்களுக்கு ஈடுகட்டவும் உதவும், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. செலவழிக்காத கேப்பை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம் என்பது மட்டும் ஓர் ஆறுதல்.

இன்னொன்று, பலரும் மறந்துவிடுவது. ஒப்பந்தம் முடிந்து ஒருவர் வேறு அணிக்குப் போனால், இழப்பீடாக லீக் கூடுதல் டிராஃப்ட் வாய்ப்பு தரக்கூடும், மூன்றாம் சுற்று வரைகூட. நீங்களே விடுவித்த ஆளுக்கு அது கிடையாது. அவரை எடுத்துக்கொள்ளும் அணிக்கும் அதனால் தன் இழப்பீட்டு வாய்ப்பு குறையாது, அதனால்தான் விடுவிக்கப்பட்ட மூத்தவர்களை மற்ற அணிகள் உடனே கொத்திக்கொண்டு போகின்றன. ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வருடம்தான் மிச்சம், ஆள் சுமாராக இன்னும் ஆடுகிறார் என்றால், ஆடவிட்டு அனுப்புவது பல சமயம் லாபம்.

சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது? கேட்கத்தான் வேண்டும், ஆனால் மரியாதையாக. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 2013ல் ஜேம்ஸ் ஹாரிசனிடம் கேட்டது, உடன்பாடு வரவில்லை, விடுவித்தார்கள். அவர் அதே பிரிவில் இருக்கும் சின்சினாட்டியில் ஒரு வருடம் ஆடி, 2014 செப்டம்பர் தொடக்கத்தில் ஓய்வும் அறிவித்துவிட்டார். அதே மாதம், அவருக்குப் பதிலாக முதல் சுற்றில் எடுத்திருந்த ஜார்விஸ் ஜோன்ஸுக்கு மணிக்கட்டில் அடி. பிட்ஸ்பர்க் ஹாரிசனைத் திரும்ப அழைத்தது. 36 வயதில் வந்தவர் மூன்று சீசனுக்கும் மேல் ஆடி, 2016ல் அந்த அணியின் வரலாற்றிலேயே அதிக சாக் எடுத்தவர் ஆனார். பிரிந்தபோது கதவை அறைந்து சாத்தியிருந்தால் அந்தத் தொலைபேசி அழைப்பை அவர் எடுத்திருக்க மாட்டார்.

ஒப்பந்தத்தைத் திருத்துவது வேறு, சம்பளத்தைக் குறைப்பது வேறு. திருத்தம் என்றால் இந்த வருடச் சம்பளத்தைப் போனஸாக மாற்றிப் பின்வரும் வருடங்களில் பரப்பிப் போடுவது. ஆட்டக்காரருக்கு ஒரு காசு குறையாது, அணிக்கு இந்த வருடம் மூச்சு விட இடம் கிடைக்கும், டெட் மணி பின்னால் குவியும். கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கும் அணி செய்யலாம். க்வார்ட்டர்பேக் டாம் பிரேடி இருந்த வருடங்களில் டாம்பா பே அணி செய்தது, 2021 பிப்ரவரியில் கோப்பையும் வாங்கியது, அவர் ஓய்வு பெற்றபின் 2023ல் சுமார் 3.5 கோடி டெட் மணியைச் சுமந்தது. அது நியாயமான விலை. 8-8 அணி 33 வயது ஆளுக்கு இதைச் செய்தால், இரண்டு வருடம் கழித்து அனுப்பவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் திண்டாடும்.

கடைசியாக, எப்போது அனுப்புவது என்பது. விடுவிப்பதாக முடிவு செய்துவிட்டால் மார்ச் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும். வேருக்கு ஒரே நாளில் 3 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்ததற்குக் காரணம், அன்று எல்லா அணிகளின் கையிலும் பணம் இருந்தது. நான்கு வருடத்துக்கு மேல் ஆடியவர் சீசனின் முதல் வாரம் அணிப் பட்டியலில் இருந்துவிட்டால் அந்த வருடச் சம்பளம் அநேகமாக உறுதி என்பதால், சில அணிகள் ஆகஸ்ட் கடைசி வரை இழுத்தடித்துவிட்டு வெளியே தள்ளுகின்றன. அதற்குள் மற்ற அணிகளில் இடமும் தீர்ந்திருக்கும், பணமும் தீர்ந்திருக்கும். அணிக்கு அதனால் கிடைப்பது ஒரு கோடைகாலத்துக் காப்பீடு. ஆட்டக்காரருக்குப் போவது அநேகமாக அவருடைய கடைசிப் பெரிய ஒப்பந்தம். உடைமாற்றும் அறையில் இருக்கும் மற்ற ஐம்பது பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அடுத்த முறை அதே அணி ஒரு மூத்தவரிடம் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும்போது, அவர் முதலில் நினைப்பது இதைத்தான்.